கடிகார ஊரின் பதினொருவர்: எஃப்.சி. பியெல் கழகத்தின் கதை

1961இல் பெர்ன் நகரில் நடந்த சுவிட்சர்லாந்துக் கோப்பை இறுதியாட்டத்தைப் பங்காளிச் சண்டை என்றே சொல்லலாம். ஒருபுறம் லா ஷோ த ஃபோன், மறுபுறம் பியெல். முன்னது ஜூரா மலைமேல் இருக்கிறது, பின்னது அந்த மலையின் அடிவாரத்தில். இரண்டும் கடிகாரத்தால் பிழைத்த ஊர்கள். ஆட்டம் 1-0 என முடிந்து கோப்பை மலையேறியது. சூரிக், பாசெல், ஜெனீவா ஆகிய பெருநகரங்களின் கழகங்கள் அன்று வேடிக்கை பார்த்தன.

தற்செயலாக அமைந்த ஆட்டம் அல்ல அது. 1948 கோப்பை இறுதியிலும் லா ஷோ த ஃபோன் அணியை எதிர்த்து ஆடியது கிரென்ஹன் என்ற இன்னொரு கடிகார ஊர்தான். அதே கிரென்ஹன் 1959இல் ஜெனீவாவின் செர்வெட் கழகத்தை வீழ்த்திக் கோப்பையையே எடுத்துக்கொண்டது. லா ஷோ த ஃபோன் 1954, 1955, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றது. இந்த வரிசைக்கெல்லாம் முன்னால் நிற்பது 1947. பியெல் கழகம் நாட்டின் சாம்பியன் ஆன ஆண்டு அது. அந்தக் கழகம் வென்ற ஒரே லீக் பட்டமும் அதுவே.

பியெல், ஏரிக்கரையில் அமைந்த இருமொழி நகரம். ஜெர்மன் பேசுவோர் பாதிக்கும் சற்று மேல், மற்றவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுவோர். ஜெர்மனில் பியெல், பிரெஞ்சில் பியென். இரண்டு பெயரையும் சேர்த்தே 2005 முதல் அரசு ஆவணங்களில் எழுதுகிறார்கள். தெருப்பலகைகளும் இரு மொழியில்தான். 1880இல் ஒமேகா நிறுவனத்தின் முன்னோடிப் பட்டறை இங்கே குடிவந்த பிறகு ஊர் மளமளவென்று வளர்ந்தது. 1896இல் கால்பந்துக் கழகம் பிறந்தது. சுவிஸ் கால்பந்துச் சங்கம் தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1913 முதல் கழகத்தின் வீடாக இருந்தது குர்ட்செலன் மைதானம், குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்த திடல்.

இவ்வளவு சிறிய ஊர்கள் பெருநகரங்களை எப்படி மடக்கின? விடையின் ஒரு பாதி களத்துக்கு வெளியே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்து, கால்பந்தில் முழுநேரச் சம்பளத் தொழில்முறையைத் தடைசெய்தது. தடை போருக்குப் பிறகும் நீடித்தது. ஆட்டக்காரர் வயிற்றுக்கு வேறு வேலை பார்த்தாக வேண்டும். போரில் நொறுங்கிய ஐரோப்பாவில் சேதமில்லாமல் நின்றவை சுவிஸ் பட்டறைகள். உலகமே அவற்றிடம் கைக்கடிகாரம் கேட்டு நின்ற காலம் அது. திறமையான ஒருவனுக்குக் கழகம் பெருந்தொகை தர முடியாது, ஆனால் ஊர் ஒரு வேலை தர முடியும். காலையில் பட்டறை, மாலையில் பயிற்சி, ஞாயிறன்று ஆட்டம் என்ற வாழ்க்கைக்குக் கடிகார ஊரைவிட வாகான இடம் எது? லா ஷோ த ஃபோன் நகரத்தையே ஒரு மாபெரும் கடிகாரத் தொழிற்சாலையாகப் பார்த்தவர் கார்ல் மார்க்ஸ். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்து அணியும் வாய்க்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மறுபாதி, ஆட்களைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியம். 1959இல் பியெல் ஒரு ஜெர்மானியரை அழைத்துவந்து, ஆடவும் வேண்டும், பயிற்சியும் தர வேண்டும் என்று இரட்டைப் பொறுப்பைக் கொடுத்தது. அவர் பெயர் யுப் டெர்வால். அவர் காலத்தில் கழகம் 1959-60 லீக்கில் பெர்ன் நகரின் யங் பாய்ஸ் கழகத்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது, மறு ஆண்டு மேலே சொன்ன கோப்பை இறுதிக்குப் போனது. இரண்டிலும் கடைசிப் படியில் சறுக்கல். டெர்வாலுக்கு மட்டும் சறுக்கல் இல்லை. மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளராக 1980இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார், 1982இல் உலகக்கோப்பை இறுதிவரை அணியைக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தின் தொடக்கப் படிகளில் ஒன்று குர்ட்செலன் புல்தரை.

அதன்பின் வந்த கழகத்தின் வீழ்ச்சிக்கு எல்லோரும் சொல்லும் காரணம் குவார்ட்ஸ். 1970களில் ஜப்பானிலிருந்து வந்த மின்கலக் கடிகாரம் சுவிஸ் பட்டறைகளை வரிசையாக மூடவைத்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறு போட்ட தொழிலில் 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் 30,000 அளவில்தான். பியெல் நகரத்தின் மக்கள்தொகையே பத்தாண்டுகளில் ஏறக்குறைய 10,000 குறைந்தது. வேலை போனது, ஆள் போனார்கள், கழகமும் போனது என்று கணக்கை முடித்துவிடலாம்.

கணக்கு அவ்வளவு நேராக இல்லை. ஊர் நொந்துகிடந்த அதே ஆண்டுகளில், 1978, 1981, 1983 என மூன்று முறை, பியெல் நாட்டின் சாம்பியன் ஆனது. கால்பந்தில் அல்ல, பனி ஹாக்கியில். ஆக, வறுமை வந்ததும் ஊர் விளையாட்டைக் கைவிட்டுவிடவில்லை. இருந்த காசையும் ஆர்வத்தையும் பனித்தரைக்கு மாற்றிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். கால்பந்தில் அதற்குள் தொழில்முறை திரும்பியிருந்தது. பட்டறை வேலை என்ற பழைய துருப்புச் சீட்டு செல்லாக்காசானது. பெரிய விளம்பரதாரரும் பெரிய வங்கியும் பக்கத்தில் உள்ள நகரங்கள் மேலே போயின. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பியெல் மேல்நிலை லீக்கில் ஆடவில்லை.

2008இல் கழகம் இரண்டாம் நிலையான சேலஞ்ச் லீக்குக்கு ஏறியது. 2011இல் கோப்பைக் காலிறுதியில் பாசெலைத் தோற்கடித்து அரையிறுதிக்கே போனது. நல்ல காலம் திரும்புகிறது என்று ஊர் நம்பியதில் தப்பில்லை. நகரமும் தன் பங்குக்குக் கால்பந்துக்கும் பனி ஹாக்கிக்கும் சேர்த்து டிஸ்ஸோ அரீனாவைக் கட்டியது. கூரையில் சூரிய மின்தகடுகள், கூடவே கடைகள். 2015இல் கழகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த குர்ட்செலனை விட்டு அங்கே குடிபோனது.

ஓராண்டு தாங்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 2016இல் உரிமம் பறிபோய்க் கழகம் திவாலானது. புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு அடுப்பு அணைந்த கதை.

சுவிட்சர்லாந்தில் இது புதுமையும் அல்ல. லோசான் 2003, செர்வெட் 2005, லா ஷோ த ஃபோன் 2009, நோஷாத்தெல் ஸமாக்ஸ் 2012 என்று பழம்பெருமை உள்ள கழகங்கள் ஒவ்வொன்றாகத் திவாலாகியிருந்தன. நான்குமே பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை, பியெல் அந்த மொழி எல்லையின்மேலேயே நிற்கிறது. லா ஷோ த ஃபோன் விஷயத்தில் ஒரு கசப்பான பொருத்தம்: கடிகாரத் தொழிலுக்கேற்ற அதன் நகரமைப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்ததும் அதே 2009இல்தான்.

திவாலான கழகத்துக்கு அங்கே கருணை கிடையாது, கீழ்நிலை லீக்கிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். 1947இன் சாம்பியன், ஆறாம் நிலையான வட்டார லீக்கில் போய் நின்றது. எதிரணிகள் சுற்றுவட்டாரத்துக் கிராமத்து அணிகள். அங்கிருந்து படிப்படியாக ஏறி மூன்றாம் நிலையான புரமோஷன் லீக்கை எட்டியது. இந்தச் சில ஆண்டுகளே கழக வரலாற்றின் மிகக் கண்ணியமான பகுதி எனத் தோன்றுகிறது. மீட்க வெளியூர்ச் சீமான் யாரும் வரவில்லை என்பதாலேயே அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

பிறகு வந்தது 2024-25 கோப்பை. மூன்றாம் நிலை அணியான பியெல், காலிறுதியில் மேல்நிலை லீக்கின் லுகானோவை வெளியேற்றியது. அரையிறுதிக்கு டிஸ்ஸோ அரீனாவுக்கு வந்தவர்கள் யங் பாய்ஸ். 1960இல் லீக் பட்டத்தைத் தட்டிப்பறித்த அதே யங் பாய்ஸ், அப்போதைய நடப்புச் சாம்பியன். பியெல் 1-0 என வென்றது. கோப்பையின் நூறாண்டு வரலாற்றில் மூன்றாம் நிலை அணி ஒன்று இறுதியாட்டத்துக்குப் போனது அதுவே முதல் முறை.

2025 ஜூன் 1, பெர்ன், வாங்க்டோர்ஃப் அரங்கம். எதிரே லீக்கை வென்று முடித்திருந்த பாசெல். 4-1 என்று பியெல் தோற்றது. 64 ஆண்டு இடைவெளியில் இரண்டு கோப்பை இறுதிகள், இரண்டிலும் தோல்வி.

குர்ட்செலனில் இப்போது லீக் ஆட்டம் நடப்பதில்லை. கழகம் போன பிறகு அந்தத் திடலை ஊர்க்காரர்களே சங்கம் அமைத்து எடுத்துக்கொண்டார்கள். டெர்வால் ஆடிய இடத்தருகே காய்கறிப் பாத்திகள் முளைத்தன.