வீட்டு ஒலிப்பதிவு

வீட்டு ஒலிப்பதிவு என்பது ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்லாமல், வீட்டின் ஓர் அறையிலேயே கணினியின் துணையுடன் பாடலையோ கருவியிசையையோ பதிவு செய்வதாகும். ஒலிவாங்கி, ஒலி இடைமுகம், ஹெட்போன், பதிவு மென்பொருள் ஆகியவை இதற்கான அடிப்படைத் தேவைகள். புதியவர்களின் பதிவுகளில் காணப்படும் குறைகளுள் பல, ஒலி கணினியை அடையும் முன்பே அறையிலும், ஒலிவாங்கி வைக்கப்படும் இடத்திலும், கருவியின் சுருதியிலும் தோன்றுபவை. அவற்றைப் பின்னர் மென்பொருளால் முழுமையாக நீக்க இயலாது. ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைப்பகுதியின் குளிரும் ஈரமும் இதில் தனிச் சிக்கல்களை ஏற்படுத்துகின்றன.

பின்னணி

டி. ஆர். சுந்தரம் 1935 ஆம் ஆண்டு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்தது. அக்காலத்தில் பாடலைப் பதிவு செய்யத் தனிக் கட்டடமும் பயிற்சி பெற்ற ஒலிப்பதிவாளரும் இன்றியமையாதவை. ஏ. ஆர். ரகுமான் 1989 ஆம் ஆண்டு சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ரெக்கார்டு இன் என்னும் கூடத்தை அமைத்தார். 1992 இல் வெளிவந்த ரோஜா திரைப்படத்தின் இசை இக்கூடத்துடன் தொடர்புடையது. வீட்டு ஒலிப்பதிவுக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. ஆயினும் அது ஒலிப்பதிவுக்கெனவே அமைக்கப்பட்ட கூடம், கணினி வைக்கப்பட்ட சாதாரண அறையன்று. 2000 ஆம் ஆண்டு வெளியான ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வந்தபின், பதிவு செய்யும் வசதி பொதுமக்களின் கைக்கு எட்டியது.

குறைகளை இனங்காணல்

பாடுபவரின் வாயிலிருந்து கணினி வரை ஒலி செல்லும் வழியை வரிசையாகப் பின்தொடர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே பயனுள்ள முறையாகும். முதலில் எவரும் பாடாமல் பத்து விநாடி வெறும் அறையைப் பதிவு செய்து கேட்கவேண்டும். விசிறி, குளிர்பதனப் பெட்டி, கணினியின் உள்விசிறி ஆகியவற்றின் இரைச்சல் இதிலேயே வெளிப்பட்டுவிடும்.

தொடர்ச்சியான ரீங்காரம் கேட்டால் மின்னிணைப்பை ஐயுறலாம். இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ரீங்காரம் 50, 100, 150 ஹெர்ட்ஸ் அளவுகளில் தோன்றும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் ஒலி மறைந்தால், காரணம் மின்னேற்றியோ வெவ்வேறு புவித்தொடுப்புகளுக்கிடையே உருவான சுற்றோ ஆகும். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைப்பது பெரும்பாலும் பலன் தரும். ரீங்காரத்தைப் போக்குவதற்காகச் செருகியின் மூன்றாம் முனையைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இது உயிருக்கே ஆபத்தானது.

உரத்த இடங்களில் ஒலி கரகரத்தால், ஒலியளவு 0 டெசிபெல் எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். வெட்டுப்பட்ட அலையின் உச்சி பதிவில் இருக்காது. மென்பொருள் அதை ஊகித்தே நிரப்பும். 24 பிட் பதிவில் உச்ச அளவு -12 டெசிபெல் அருகில் இருந்தாலே போதுமானது. பாடகர் ஒத்திகையைவிட உண்மையான பதிவில் உரத்துப் பாடுவது வழக்கம் என்பதால் இந்த இடைவெளி தேவைப்படுகின்றது.

பாடுபவருக்குத் தம் குரல் தாமதமாகக் கேட்டால், இடைத்தேக்க அளவைக் குறைக்கவேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 512 மாதிரிகள் கொண்ட தேக்கம் ஏறத்தாழ 11.6 மில்லி விநாடித் தாமதத்தையும், 128 மாதிரிகள் 2.9 மில்லி விநாடியையும் ஏற்படுத்தும். மிகவும் குறைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். புளூடூத் ஹெட்போன் இப்பணிக்கு ஏற்றதன்று.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் குறை அறையினுடையது. வெற்றுச் சுவர்களை விட்டு விலகி, பாடுபவரின் பின்புறம் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் எதிரொலியும் மூச்சுக்காற்றின் மோதலும் குறையும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது பரவலான நம்பிக்கை. தாழ்ந்த அதிர்வெண்களை அவை உறிஞ்சுவதே இல்லை எனலாம்.

மலைச்சூழல்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரத்தால் குறையும் காற்றழுத்தம் ஒலியின் வேகத்தை ஏறக்குறைய மாற்றுவதில்லை; வெப்பநிலையே மாற்றுகின்றது. சமவெளியில் 30 பாகை செல்சியசில் சுருதி சேர்ந்திருந்த புல்லாங்குழல், 18 பாகையில் கோட்பாட்டளவில் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஊதுபவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் இறக்கம் இதனினும் குறைவே. ஆயினும், கீழே பதிவு செய்த தம்புராத் தடத்துக்கு மேலே மலையில் வாசித்தால் வேறுபாடு காதில் உறுத்தும். மிருதங்கத்தின் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால் அதன் சுருதியும் இறங்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுருதி சரிபார்த்தல் நலம்.

மின்தேக்கி ஒலிவாங்கிகள் பனிமூட்ட நாட்களில் படபடவென ஒலிப்பது இயல்பு. பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைப்பது இதைத் தவிர்க்கும். இயங்குசுருள் ஒலிவாங்கி ஈரத்தை நன்கு தாங்கும். அதற்கு 48 வோல்ட் மின்னூட்டமும் வேண்டியதில்லை.

தகரக் கூரையில் விழும் மழையொலியும் இரவுப் பூச்சிகளின் ஒலியும் குரலின் அதிர்வெண்களோடு கலந்துவிடுவதால், அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். மழை ஓயும்வரை காத்திருப்பதே சிறந்த தீர்வு. மலையாளிப் பழங்குடி முதியவர் ஒருவரின் வாய்மொழிப் பாடலைப் பதிவு செய்வோருக்கு மறுவாய்ப்புக் கிடைக்காமலே போகலாம். அத்தகைய பதிவுகளில் ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பு உறையும், இரண்டாவது கருவியில் இணையாக ஒரு பதிவும் கட்டாயம் எனலாம்.

மென்பொருளில் திருத்தம்

இரைச்சல் நீக்கும் வசதி, முதலில் பதிவு செய்த வெறும் அறையின் ஒலியை மாதிரியாகக் கொண்டு இயங்குகின்றது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் குரல் நீருக்கடியில் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். குரல் தடத்தில் 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள பகுதியை வடிகட்டுவது பொதுவாகத் தீங்கற்றது. திருத்தங்களைப் படியில் மட்டுமே செய்து, மூலப் பதிவை வேவ் வடிவில் தனியே சேமிக்கவேண்டும். எம்பி3 வடிவத்தில் நீக்கப்பட்ட ஒலித்தகவலை மீட்க முடியாது. 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட் இடத்தையே எடுத்துக்கொள்ளும்.