கிம்பளம் என்றொரு சொல்

பெண் பார்க்கும் பேச்சில், மாப்பிள்ளைக்கு அரசு வேலை என்றதும் "சம்பளம் எவ்வளவு?" என்ற கேள்வி வரும். தொகையைச் சொன்னதும், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே ஒரு பெரியப்பா குரலைத் தாழ்த்துவார்: "அது சரி, கிம்பளம்?" கூடம் சிரிக்கும். யாரும் அவரைக் கடிந்துகொள்வதில்லை.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். சம்பா நெல்லும், உப்பைக் குறிக்கும் 'அளம்' என்ற சொல்லும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பது ஒரு விளக்கம். வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிச் செல்லும் உணவு. அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு விளக்கம். எது சரியானாலும் சொல்லுக்கு அடியில் இருப்பது வயிற்றுப்பாடுதான்.

கிம்பளத்துக்கு இப்படி வேர் கிடையாது. பணம் கிணம், காப்பி கீப்பி என்று சொல்கிறோமே, அந்த வகை. முதலெழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. மொழியியலார் இதை எதிரொலிச் சொல் என்பார்கள். 'அது போன்றவை' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. தனியே நிற்கவும் நிற்காது. "கிணம் இருக்கிறதா?" என்று எவரும் கேட்பதில்லை. கிம்பளம் மட்டும் இணையைப் பிரிந்து தனிக்குடித்தனம் போய், லஞ்சத்துக்குப் பெயராகிவிட்டது.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தம் வரை, தன் 7ஆம் பிரிவில் லஞ்சத்தைச் சட்டப்படியான ஊதியம் அல்லாத கைம்மாறு என்றே வருணித்தது. சட்டம் நீட்டி முழக்கியதைத் தமிழ் ஓரெழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டது.

அப்படியானால் சம்பளத்தைக் கூட்டினால் கிம்பளம் ஒழியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் சொற்பச் சம்பளத்தில் சொந்த வாணிகமும் அன்பளிப்புமாகக் கொழுத்தார்கள். கவர்னர் ஜெனரலாக வந்த கார்ன்வாலிஸ் கலெக்டரின் சம்பளத்தை மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்; வரிவசூலில் நூற்றுக்கு ஒன்று தரகும் கொடுத்தார். கூடவே சொந்த வாணிகத்துக்குத் தடையும் போட்டார். சம்பளத்தை மட்டும் அவர் நம்பவில்லை.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர், அமைச்சர் சம்பளத்தைத் தனியார் துறையின் உச்ச வருமானத்தோடு பிணைக்கும் வெள்ளை அறிக்கையை 1994இல் வெளியிட்டது. 2012இல் குறைத்த பிறகும், புதிய அமைச்சருக்கான அளவு ஆண்டுக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர். அங்கேயும் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன், அலுவல் தொடர்புடையவர்களிடம் விலையுயர்ந்த பொருள்கள் பெற்றது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

திறமையானவர் அரசுப் பணிக்கு வரவும், வந்தவர் மானத்தோடு குடும்பம் நடத்தவும் நல்ல சம்பளம் வேண்டும், கொடுக்கலாம், தாராளமாகவே. ஆனால் கிம்பளம் பற்றாக்குறையில் மட்டும் முளைப்பதல்ல. கோப்பை நிறுத்திவைக்கும் கையில் முளைக்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் தழைக்கிறது. கூட்டிக் கொடுக்கிற அரசு, அமைச்சரானாலும் பிடிக்கிற துணிவையும் சேர்த்துக் காட்டவேண்டும். நம் பங்குக்கு, அடுத்த முறை பெரியப்பா கேட்கும்போது சிரிக்காமல் இருப்போம்.