உப்புக்காற்றில் வாட் கணக்கு: மேசைச் செயலியிலிருந்து மடிக்கணினிச் செயலி வரை

செயலிகளை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது வேகத்தை. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது சூடு. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியான இவ்வூரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடக்கின்றன. செயலி சூடானால் விசிறி சுழலும். விசிறி சுழன்றால் வெளிக்காற்று உள்ளே வரும். இங்கே வெளிக்காற்று உப்போடுதான் வரும்.

அந்த உப்பு உலர்ந்து கிடக்கும்வரை தொல்லை குறைவு. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவிலும் விடியலிலும் அந்த அளவு சர்வசாதாரணம். உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்புநீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். கடற்காற்றில் இரண்டும் கலந்தே வருகின்றன. மதர்போர்டில் படிந்த தூசு இப்படி ஈரமாகும்போது மின்சாரம் கசியும், செம்பு அரிக்கப்படும், அலுமினியச் சூடுதணிப்பியின் தகடுகளில் வெள்ளை மாவு பூக்கும். மெமரியைக் கழற்றி அதன் பொன்முலாம் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மீண்டும் சொருகினால் செத்த கணினி உயிர்பெறுவது, பழுதுபார்ப்போர் எல்லோரும் அறிந்த வித்தை.

இனி சூட்டின் வரலாறு. இன்டெல் 2000 நவம்பரில் வெளியிட்ட பென்டியம் 4, 180 நானோமீட்டர் நுட்பத்தில் 4.2 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. கட்டளைகளை இருபது படிகளாக நறுக்கி, கடிகாரத் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போவது அதன் வழி. கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தே கணினி வாங்கிய காலம் என்பதால் வணிகத்துக்கும் அது பொருந்தியது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வடிவத்தில் படிகள் 31 ஆயின. நுட்பம் 90 நானோமீட்டராகச் சுருங்கியது. சுருங்கினால் மின்செலவும் குறையவேண்டும் என்பது ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் குழுவினரும் 1974இல் வகுத்த விதி. அது இங்கே கைகொடுக்கவில்லை. அவ்வளவு சிறிய டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் மின்சாரத்தைக் கசியவிட்டன. 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 115 வாட் வெப்ப அளவு குறிக்கப்பட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை 2004 அக்டோபரில் நிறுவனம் கைவிட்டது. தலைமைச் செயல் அலுவலர் கிரெய்க் பாரெட், ஒரு மாநாட்டு மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். மேசைக் கணினி வரலாற்றில் அதைவிடப் பொருள்பொதிந்த காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு முன்பே, 2003 மார்ச்சில், இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு மடிக்கணினிக்கென வடித்த பென்டியம் எம் வெளிவந்திருந்தது. அதன் 1.6 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு 24.5 வாட் போதும். ஒரு துடிப்பில் கூடுதல் வேலை, வேலையில்லாத பகுதிக்கு மின்சாரம் நிறுத்தம் என்ற அதன் சிக்கன வழி 2006 ஜூலையில் கோர் 2 டூவோ வாயிலாக மேசைக்கே வந்து சேர்ந்தது. 65 வாட்டில், குறைந்த கிகாஹெர்ட்ஸில், அது பென்டியம் 4ஐ முந்தியது. ஆகவே மடிக்கணினிச் செயலியை மேசைச் செயலியின் மெலிந்த தம்பி என்று சொல்லும் பழக்கம் வரலாற்றுக்குப் பொருந்தாது. 2006க்குப் பின் வந்த இன்டெல் மேசைச் செயலிகள்தாம் மடிக்கணினி வழிவந்தவை.

115 வாட்டை மரக்காணத்துக் காற்றாக மாற்றிப் பார்க்கலாம். செயலியின் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, விசிறிவழி போகும் காற்று 15 டிகிரி சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், மணிக்குச் சுமார் 23 கன மீட்டர் காற்று தேவை. எட்டு மணி நேரத்தில் 180 கன மீட்டருக்கு மேல். இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரமுள்ள வகுப்பறையின் காற்று முழுவதும் அந்தப் பெட்டிக்குள் ஒன்றரை முறை புகுந்து வெளிவருவதற்குச் சமம். 15 வாட் செயலிக்கு மணிக்கு 3 கன மீட்டர் போதும். உள்ளே படியும் உப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும்.

15 வாட் என்பது கற்பனை எண் இல்லை. 2011 ஜனவரியில் வந்த மேசைச் செயலி கோர் ஐ7-2600ஐயும் 2017 ஆகஸ்டில் வந்த மடிக்கணினிச் செயலி கோர் ஐ5-8250யுவையும் அருகருகே வைப்போம். இரண்டிலும் நான்கு கருக்கள், எட்டு இழைகள். முன்னது 32 நானோமீட்டர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 95 வாட். பின்னது 14 நானோமீட்டர், அடிப்படை வேகம் 1.6, உச்சம் 3.4, 15 வாட். பொதுவான வேகச் சோதனைகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஆனால் அந்த 15 வாட் நீண்டநேர ஓட்டத்துக்கான அளவு. சற்று நேரம் அதைவிடப் பன்மடங்கு இழுத்துப் பாய்ந்துவிட்டுப் பின்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் மணிக்கணக்காகக் காணொளி மாற்றும் வேலையென்றால் பழைய ஐ7தான் தளராமல் ஓடும். கடிதம் அடிக்க, கணக்கெழுத, இணையம் பார்க்க மடிக்கணினி மேல்.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் மடிக்கணினி பரவலாகப் போய்ச்சேர்ந்தது, ஐ7-2600 வெளிவந்த அதே ஆண்டில். 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொள்முதல் எல்காட் வழியாக நடந்தது. அது மின்வெட்டுக் காலம். டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்சாரம் போனதும் அணைகிற மேசைக் கணினிக்கு எதிராகப் பேட்டரியே பெரிய வாதமாக இருந்தது. அந்தப் பேட்டரியைச் சாத்தியமாக்கியதும் குறைந்த வாட்தான் என்பது எளிதில் மறந்துபோகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என அறிவிக்கப்பட்டபோது, மேசைக் கணினி பேச்சிலேயே இல்லை.

இழப்பும் உண்டு. ஐ7-2600ஐ அதன் சாக்கெட்டிலிருந்து கழற்றலாம், துடைக்கலாம், போர்டு அரித்துப்போனால் வேறு போர்டில் பொருத்தலாம். ஐ5-8250யு போர்டோடு பற்றவைக்கப்பட்டது. அரிப்பதற்குச் சொருகுமுனை இல்லை என்பது இந்தக் கரையில் நன்மை. அரித்துவிட்டால் முழுப்போர்டையும் மாற்றவேண்டியிருப்பது செலவு. இன்னொன்று உப்போடு தொடர்பில்லாதது. வேகத்தில் ஏறக்குறைய சமமான இவ்விரண்டில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இடம்பெற்றது 8250யு மட்டுமே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஐ7-2600 வைத்திருப்பவர் லினக்ஸ் நிறுவிக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன் விசிறியையும் சூடுதணிப்பியையும் துடைத்துவைத்தால் இன்னும் சில ஆண்டு ஓட்டலாம்.