வேலி தாண்டிய மாடு



உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். "எங்க காலத்துல லயத்துக்கு லயம் மாடு கட்டியிருந்துச்சு" என்பார். அந்த மாடுகள் எங்கே போயின?

நம் முன்னோரின் தமிழகத்தில் வெள்ளையர் அரசு 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தால் 24 மணி நேரத்திற்குள் பவுண்டில் அடைக்க வேண்டும். மீட்பதற்கு ஆட்டுக்கு 1 அணா, பசுவுக்கு 4 அணா, எருமைக்கு 8 அணா, யானைக்கு 2 ரூபாய்! (மாணவர்களே, சிரிக்காதீர்கள், சட்டத்திலேயே யானை இருந்தது.) பிடிபட்ட மாட்டைப் பலவந்தமாக அவிழ்த்துச் சென்றால் 6 மாதம் வரை சிறை. ஏழைக்கு அணாவே பெருங்காசு. ஆனாலும் அபராதத்திற்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது.

கெடா 1909-இல் சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. கூலிம், பீடோங், சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. வீடு, புல், ஓடைக்கரை எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். மாடு எந்தப் பக்கம் தலை திருப்பினாலும் அத்துமீறல்தான்! கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ 1/16 ஏக்கர் ஒதுக்கச் சொன்னது. கெடா அந்தக் கூட்டில் சேராத நாடு. கிடைத்தாலும் 1/16 ஏக்கரில் கீரை போடலாம், பசு மேயுமா? மிச்சமெல்லாம் துரையின் தயவு.

என் சிறுவயதில் எங்கள் செவலைப் பசு இளங்கன்று நட்ட இடத்தில் புகுந்துவிட்டது. ஜாகா பிடித்து ஆபீஸ் முன் கட்டினார். அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள், எவ்வளவுக்கு என்ன என்று சீட்டுக் கிடையாது. "இன்னொரு தடவ வந்தா வித்துடணும்" என்று உத்தரவு. கன்றைக் கடித்தால் தோட்டத்துக்கும் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவின் பள்ளிச் செலவு அந்தப் பால் காசில்தான் நடந்தது. அடுத்த மாதமே விற்றுவிட்டோம். இந்தியர்கள் வளர்த்த அந்த மாடுகளின் வழிவந்தவற்றைக் கால்நடைத் துறையினர் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று தனி இனமாகவே குறிப்பிடுகிறார்கள்.

வேட்டைக்காரர் பாடும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை நாயோடு காட்டுப்பன்றி, உடும்பு, சருகுமான் தேடிப் போவார்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு மரண தண்டனை என்றானது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பூர்வகுடியினர் தம் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட அதில் விலக்கு உண்டு, தோட்டத்தாருக்கு இல்லை. 2010-இல் புதுச் சட்டம், 2022-இல் தண்டனை இன்னும் கடுமை. அழுங்கு அருகிப்போனதைப் பார்த்தால் சட்டத்தைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது, பழைய துரை கண்டும் காணாமல் விட்ட மாடுகளுக்குப் புது முதலாளிகளிடம் இடமில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பணத்தில் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். இப்போதோ செம்பனை அடியில் பெரிய நிறுவனங்களே மந்தை வளர்க்கின்றன. களைக்கொல்லிச் செலவு மிச்சமாம்!

உங்கள் வீட்டில் மாட்டுக்காகப் பிடித்தம் போட்ட பழைய சம்பளச் சீட்டு ஏதும் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.