பிள்ளைத்தாய்ச்சியை வேலையிலிருந்து நிறுத்தலாமா?

தெரிந்தவர் மகள் ஒருத்திக்கு இது ஆறாம் மாதம். தனியார் கம்பெனியில் வேலை. ஆட்குறைப்பு என்று சொல்லிச் சிலரை நிறுத்தியதில் இவள் பெயரும் இருந்தது. "மாமா, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை நிறுத்தலாமா?" என்று கேட்டாள்.

நான் வக்கீல் இல்லை, குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், இதே கேள்விக்குப் பிரான்ஸ் தேசம் எப்படி விடை தேடியது என்று ஓரளவு தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வு என்பதில் பிரான்ஸ் முந்திக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்து 1877-லேயே, தொழிற்சாலைப் பெண்களைப் பிரசவத்தை ஒட்டி எட்டு வாரம் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. பிரான்சில் 1895-இல் அதோல்ஃப் பினார் என்ற மகப்பேறு மருத்துவர், கடைசி மாதங்களில் ஓய்வெடுத்த தொழிலாளிப் பெண்களின் குழந்தைகள் எடை கூடுதலாகப் பிறப்பதை எடுத்துக்காட்டினார். ஜெர்மனியிடம் 1870-71 போரில் தோற்ற நாடு அது. பிறப்பு குறைகிறதே என்ற கவலை அரசியல்வாதிகளுக்கு இருந்தது. பெண்கள் மேல் இரக்கம் என்பதைவிட, நாளைக்குப் படைக்கு ஆள் வேண்டுமே என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது.

1909 நவம்பர் 27-ஆம் தேதி முதல் சட்டம் வந்தது. கொண்டுவந்த உறுப்பினர் பெயரால் அதை 'எஞ்ஜெரான் சட்டம்' என்பார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகத் தொடர்ந்து எட்டு வாரம் ஒரு பெண் வேலைக்கு வராவிட்டால், அதைக் காரணம் காட்டி முதலாளி ஒப்பந்தத்தை முறிக்கக்கூடாது. முறித்தால் நஷ்டஈடு தரவேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, அந்த எட்டு வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. வேலை காத்திருக்கும், அடுப்பு காத்திருக்குமா? அதனால் பலரும் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார்கள். 1910-இல் பள்ளி ஆசிரியைகளுக்கு மட்டும் முழுச் சம்பளத்தோடு இரண்டு மாதம் விடுப்பு கிடைத்தது. மற்றப் பெண்களுக்கு 1913-இல் வந்த 'ஸ்த்ரோஸ் சட்டம்' பிரசவத்துக்குப் பின் நான்கு வாரம் கட்டாய ஓய்வு என்றது. தினப்படியாக ஒரு சிறு தொகையும் கிடைத்தது.

இரண்டாவது ஓட்டை பெரியது. 1909 சட்டம் காத்தது அந்த எட்டு வாரத்தை மட்டும். ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரிந்ததும், வேறு ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிட்டால்? அதை அடைக்க 57 வருடம் ஆயிற்று. 1966 டிசம்பர் 30-ஆம் தேதிச் சட்டம்தான், கர்ப்ப காலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் 12 வாரமும் வேலைநீக்கம் கூடாது என்று தடுத்தது. கர்ப்பத்தோடு தொடர்பில்லாத கடுமையான குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. "கர்ப்பத்துக்காக நிறுத்தவில்லை, வேறு காரணம்" என்று முதலாளி சொன்னால், அது பொய் என்று அந்தப் பெண் எப்படி நிரூபிப்பாள்? 1975-இல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. காரணத்தை முதலாளிதான் நீதிபதி முன் வைக்கவேண்டும். சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் கர்ப்பிணிக்கே. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே முக்கியமான வரி இதுதான். உரிமை என்று எழுதி வைப்பது ஒன்று. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பது வேறொன்று.

நம் நாட்டில் இருந்த 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை இதோடு வைத்துப் பாருங்கள். பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம் என்று அது தெளிவாகச் சொன்னது. கர்ப்ப காலத்தில், விடுப்புக்கு முன்பே நீக்கினால்? நீக்கினாலும் பேறுகாலப் பணம் அவளுக்குச் சேரவேண்டும் என்றுதான் சொன்னது. பணம் தப்பியது, வேலை தப்புவது நிச்சயமில்லாமல் இருந்தது. பிரான்ஸ் 1966-இல் தாண்டிய வாசல் இது.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: "ராஜினாமா எழுதிக் கொடு என்று கேட்டால் கையெழுத்துப் போடாதே அம்மா. நிறுத்துகிறோம் என்பதை எழுத்தில், தேதியோடு வாங்கு. மேல்முறையீட்டுக்கு அந்தச் சட்டம் கொடுத்தது 60 நாள்தான். உடனே ஒரு தொழிலாளர் வக்கீலைப் பார்." இத்தனை வருடம் ஃபைல் பார்த்தவன் நான். காகிதம் கையில் இருப்பவர் பேச்சுதான் கடைசியில் எடுபடும்.