பிடியரிசியும் பனையடியும்: யாழ்ப்பாணத்து மாணவர் தோழமை எட்டிய தூரம்

முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் என்னும் நரம்பு வடம் நசுங்கினாலோ அறுந்தாலோ, அதற்குக் கீழுள்ள உடல் அசைவையும் உணர்ச்சியையும் இழப்பதோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடும் குலைந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இவ்வாறு காயமுற்றோரில் பெரும்பாலோரை ஓரிரு ஆண்டுகளுக்குள் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே ஆகும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிக் கிடத்தியும், எழுப்பி அமர்த்திப் பயிற்சியளித்தும், இவர்களால் நெடுநாள் வாழ முடியும் என நிறுவினார். ஆயினும் அந்த வாழ்வுக்கு வடிகுழாயும் காற்று மெத்தையும் ஆள்துணையும் நாள்தோறும் வேண்டியிருந்தமையால், ஒரே நாளில் திரட்டிக் கொடுக்கும் பெருந்தொகையைவிட ஆண்டுக்கணக்கில் தவறாது வரும் சிறுதொகையே அதற்குப் பொருந்தியது.

அவ்வகைக் கொடைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய வேர் உண்டு. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்துப் பொதுக் காரியத்துக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கம், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கும் அமெரிக்க மிஷன் திருச்சபைகளுக்கும் துணைநின்றது. இவ்வாறு கொடையால் நிலைத்த பள்ளிக்கூடமே, கோயிலுக்கு அடுத்தபடியாக, ஊரில் பணத்தையும் ஆள்பலத்தையும் விரைந்து திரட்டவல்ல இடமாக வளர்ந்தது. கூடப் படித்தவனுக்குத் துன்பம் நேர்ந்தால் வகுப்பே முன்வரும் பழக்கமும் அங்கேதான் ஊன்றியது.

ஆனால் உள்நாட்டுப் போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் முள்ளந்தண்டு முறிவு எவரை மிகுதியாகத் தாக்கியது என்று நோக்கினால், அத்தோழமையின் எல்லை துலக்கமாகத் தெரியும். காலில் தளநார் பூட்டி நாளுக்கு இருமுறை நெடும்பனைகளில் ஏறிப் பாளை சீவிய தொழிலாளரே உயரத்திலிருந்து விழும் ஆபத்துடன் அன்றாடம் வாழ்ந்தவர்கள். சாதியால் ஒதுக்கப்பட்ட இவர்களுடைய பிள்ளைகளுக்கோ பல பள்ளிகளில் அனுமதியே இருக்கவில்லை, அனுமதித்த இடங்களிலும் தரையிலோ வெளியிலோதான் இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம், அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை இருக்கை, வேண்டும் என அரசு பணித்தபோது எதிர்ப்பு வெடித்ததும், சில பள்ளிகள் எரிக்கப்பட்டதும் வரலாறு. 1924இல் மாணவர் காங்கிரஸ் எனத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் சமபந்தி உணவை முன்னெடுத்தது இந்தப் பின்னணியில்தான். வகுப்புக்குள் இடம் கிடைக்காதவனுக்கு வகுப்புத் தோழரும் இல்லை. பனையடியில் முதுகு முறிந்து கிடந்தவனுக்குக் குடும்பமும் உறவினரும் தவிர வேறு துணை அரிது என்பதை யாழ்ப்பாணக் கல்விப் பெருமை பேசும் நூல்கள் போதிய அளவு எழுதவில்லை. 1970களில் பரவிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளரைத் தவறணை எனப்படும் கள்ளுக்கடைகளின் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுவித்து, அவர்களுக்கெனச் சொந்த அமைப்பொன்றைத் தந்தமை அதனாலேயே பெரிய திருப்பமாகும்.

போர் இந்தக் கணக்கைக் கலைத்தது. எறிகணையும் குண்டும் சாதி பாராமல் முதுகை முறித்தன. மாணவரும் அவ்வாறே வீழ்ந்தனர். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களோடு நடமாட்டத் துணைக்கருவிகளையும் வழங்கியது. போருக்குப் பின் வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி உயிரிழை அமைப்பை நடத்தலாயினர். இதே காலத்தில் புலம்பெயர்ந்தோரிடையே, ஒரே ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தபடி ஆண்டுத் தொகுதிகளாகச் சேர்ந்து, ஊரில் நோயுற்ற தோழனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் வழக்கம் பெருகியது. ஒரு பிடி அரிசியின் ஒழுங்கை ஒத்த இந்த மாதக் கொடைதான், தவறாது மாற்றவேண்டிய வடிகுழாய்க்கும், வாசற்படிக்குப் பதிலாகக் கட்டும் சாய்தளத்துக்கும், சக்கர நாற்காலி நுழையுமாறு அகலமாக்கும் மலசலகூடக் கதவுக்கும் மெய்யாகவே போய்ச் சேர்கிறது.