பக்கத்துப் பக்கத்து டப்பா

ஆலங்குளத்தில் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் பூனைக்காலி விதை கேட்டு வருகிறவர்கள், மற்ற ஆட்கள் நகரும்வரை வாசலில் சும்மா நிற்பார்கள். ஆண்மைக்கென்று வாங்குவது அது. அப்பா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கேட்குமுன்னே டப்பாவைத் திறந்து பொட்டலம் மடித்துவிடுவார். குற்றாலத்து மலையடிவாரத்திலிருந்து சிலர் காயாகவே கொண்டுவந்து போடுவார்கள். காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிப்பு. வாத்தியார் நாற்காலியில் அதைத் தூவிவிட்டு நான் வாங்கிய அடி தனிக் கதை. விதையைப் பாலில் வேகவைத்து, தோல் நீக்கி, சுத்தி செய்த பிறகே பொடிக்க வேண்டும் என்பதில் அப்பா கறார்.

அதற்கு அடுத்த டப்பாவில் சர்ப்பகந்தா வேர்.

அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுத்தது தராசுதான். முள் நிற்கவே இல்லை. திருநெல்வேலியில் நரம்பு மருத்துவர் பார்க்கின்சன் என்றார். நடுக்குவாதம் என்று அப்பா அதற்கு முன்பே தனக்குள் பெயர் வைத்திருந்தார். எழுதிக் கொடுத்த மாத்திரையின் அட்டையில் 110 என்று எண். லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. அந்த லெவோடோபா எங்கள் கடைச் சரக்குக்குள்ளேயே இத்தனை வருஷம் கிடந்தது என்று எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து.

பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தின் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் 1937-இல் இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்ன'லில் அதை எழுதினார்கள். அதற்கு முன்பு, 1913-இல், பாசல் நகரத்து மார்கஸ் குக்கன்ஹைம் இதே பொருளை ஒருவகை அவரையிலிருந்து எடுத்திருந்தார். இரண்டரை கிராம் தானே விழுங்கிப் பார்த்து, குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தார். அந்த வாந்திக்குப் பின்னால் வருகிறேன். ஆக, பொருள் கையில் இருந்தது. அதற்கு என்ன வேலை என்பதுதான் 1937-இலும் எவருக்கும் தெரியாது.

தெரிவதற்கு முதலில் மூளையின் காவல் புரிய வேண்டியிருந்தது. 1885 வாக்கில் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உறுப்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே நின்றது. மூளைக்குச் சாயம் ஒட்டாது போல என்று அவர் விட்டுவிட்டார். அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை நேராகத் தண்டுவட நீரில் செலுத்தினார். இப்போது மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்று ஆயிற்று. மூளைக்குள் ஓடும் இரத்த நுண்குழாய்களின் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி 1967-இல் காட்டியது.

எங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்கப் புளியரைச் சோதனைச்சாவடி என்றால் போதும். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகிற லாரி, சீட்டு சரியாக இருந்தால்தான் தாண்டும்.

அடுத்த டப்பா இங்கேதான் வருகிறது. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் பிரித்த ரெசர்பின், மூளையிலுள்ள சில ரசாயனங்களை வற்றவைக்கும். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் துவண்டு கிடந்தன. பிறகு, லெவோடோபாவை உள்ளடக்கிய டோபா ஊசி போட, எழுந்துவிட்டன. இது 1957. கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு டப்பாக்களும் அந்த முயலுக்குள் சந்தித்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றும்.

பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் குறைவது டோபமைன் என்று வியன்னாவில் ஹோர்னிகீவிச் 1960-இல் கண்டார். டோபமைனையே கொடுத்தால் சாவடி விடாது. லெவோடோபாவோ ஓர் அமினோ அமிலம். மற்ற அமினோ அமிலங்கள் நுழைகிற வாசலிலேயே அதுவும் நுழைந்து, உள்ளே போனபின் டோபமைனாக மாறும். 1961-இல் வியன்னாவில் அதை ஊசியாகப் போட்டதும், படுக்கையை விட்டு எழமுடியாதவர்கள் நடந்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவை வாய்வழியே கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் முறையைக் காட்டினார்.

குக்கன்ஹைமின் வாந்திக்கு வருவோம். விழுங்கியதில் பெரும்பங்கு மூளைக்குப் போகுமுன்பே உடம்பில் டோபமைனாகிக் குமட்டலைக் கிளப்பிவிடுகிறது. கார்பிடோபா அந்த மாற்றத்தைத் தடுக்கும். தடுப்பைத் தாண்ட அதனால் முடியாது என்பதே அதன் சிறப்பு. வெளியில் மட்டும் காவல் நிற்கும், உள்ளே நடப்பதைக் கெடுக்காது. அட்டையில் இருந்த அந்தப் 10-க்கு அர்த்தம் இதுதான்.

இதையெல்லாம் கேட்ட மாமா ஒருவர், "பாத்தியாடே, நம்ம ஆளுக அப்பவே கண்டுபிடிச்சிட்டான்" என்றார். எனக்கு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. ஆயுர்வேதத்தில் வாத நோய்க்குப் பூனைக்காலி கொடுப்பது உண்டு. பம்பாய் மருத்துவர்கள் 1978-இல் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 2004-இல் வெளியான லண்டன் ஆய்வில், எட்டே பேரிடம், விதைப் பொடி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. ஆனாலும் நான் கடையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில், கை நடுங்குகிறது என்று பூனைக்காலி கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. அப்பாவும் தனக்கென்று அந்த டப்பாவைத் தொடவில்லை.

"எய்யா, மாத்திரையில எவ்வளவுன்னு எழுதிருக்கான். வெதையில எழுதலியே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்போடு சேர்த்து மாத்திரை போட்டால் மட்டும் மத்தியானம் முழுக்க விறைப்பு விடாது. கறி, முட்டை, பருப்பு செரித்து வருகிற அமினோ அமிலங்களும் அதே வாசலுக்குத்தான் வருகின்றன, ஓணத்துக்கு முந்தின நாள் புளியரையில் நிற்கிற லாரி வரிசை மாதிரி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார் மருத்துவர்.

இப்போது அப்பா மாத்திரையைப் போட்டுவிட்டு, இலைக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அம்மா குழம்புச் சட்டியோடு வந்தால் இடக்கையைத் தூக்கித் தடுக்கிறார்.

"இருட்டீ. லாரி இன்னும் சாவடி தாண்டல."